பத்தியம் பட்டினியன்று: கணைய நோயாளியின் உணவு வந்த வழி



மருத்துவமனையில் பத்து நாளோ பதினைந்து நாளோ படுத்திருந்துவிட்டு ஒருவர் வீடு திரும்புகிறார் என்றால், அந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இவருக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது?" என்பதுதான். காய்ச்சலுக்கு ஒரு பத்தியம், மஞ்சள் காமாலைக்கு ஒரு பத்தியம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பத்தியம் என்று நம் பாட்டிமார் வகுத்து வைத்திருக்கிறார்கள். கணைய அழற்சிக்கு என்ன பத்தியம் என்று கேட்டால் அவர்களால் விடை சொல்ல இயலாது. கணையம் என்றோர் உறுப்பு வயிற்றுக்குள் இருப்பதே நம்மில் பலருக்கு, மருத்துவர் சொல்லும்போதுதான் தெரிய வருகிறது. ஆகவே, தெரியாத நோய்க்குத் தெரிந்த பத்தியத்தையே கொடுக்கிறார்கள். வெறும் அரிசிக் கஞ்சி, ஒரு கல் உப்பு. அதுவும் மாதக் கணக்கில். செம்பனைக் குலை தூக்கிய கை மெலிகிறது; நடை தளர்கிறது; வேலைக்குத் திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. நோய் விட்ட பிறகு பத்தியம் ஆளைத் தின்னத் தொடங்கிவிடுகிறது.

இதற்காக வீட்டுப் பெண்களைக் குறை சொல்வதற்கில்லை. படித்த மருத்துவர்களே ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இதே கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்தின் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு சுரப்பி. ஒரு சாண் நீளம் இருக்கும். அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, உணவைக் கரைக்கும் சாற்றைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. மற்றொன்று, இரத்தத்திலுள்ள சர்க்கரையை அடக்கி வைக்கும் இன்சுலினைச் சுரப்பது. முதல் வேலை கெட்டால் தின்றது உடம்பில் ஒட்டாது; இரண்டாம் வேலை கெட்டால் இனிப்புநீர் வரும்.

இந்தச் சுரப்பியை மனிதன் அறிந்துகொண்ட விதமே ஒரு கதை. பழங்காலக் கிரேக்கர் இதைக் கண்டிருந்தனர். இதில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை என்பதால் "முழுக்கச் சதை" என்னும் பொருளில் பெயரிட்டனர். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 1642ஆம் ஆண்டில் இத்தாலியின் பாதுவா நகரில், விர்சுங் என்னும் ஜெர்மானியர், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலை அறுத்துப் பார்க்கையில், கணையத்தின் நடுவே ஒரு குழாய் ஓடுவதைக் கண்டார். அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. செப்புத் தகட்டில் படம் செதுக்கி, அறிஞர்களுக்கு அனுப்பி, "இது என்ன?" என்று கேட்டார். விடை கிடைக்கு முன்பே, 1643இல் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1664இல் ஹாலந்து நாட்டில் தெ கிராஃப் என்னும் இளைஞர், நாயின் கணையக் குழாயில் இறகுத் தண்டைச் செருகி, அதன் வழியே வடிந்த சாற்றைப் பிடித்துக் காட்டினார். ஆக, குழாய் தெரிந்தது, சாறும் தெரிந்தது. சாறு என்ன செய்கிறது என்பது மட்டும் இன்னும் இருநூறு ஆண்டுகளுக்குத் தெரியவில்லை.

அதைத் தெளிவாக்கியவர் பிரான்சு நாட்டின் குளோத் பெர்னார். 1840களில் பாரிஸ் நகரில் முயல்களை வைத்து அவர் ஆராய்ச்சி செய்தார். முயலின் உடலமைப்பில் ஒரு வசதி உண்டு. பித்தநீர் சிறுகுடலின் தொடக்கத்திலேயே வந்து விழும்; கணையச் சாறோ அதற்கு வெகு கீழே வந்து விழும். கொழுப்பை உண்ட முயலின் குடலைப் பார்த்தபோது, கணையச் சாறு கலக்கும் இடத்திற்குக் கீழேதான் குடலைச் சுற்றியுள்ள நுண்குழாய்கள் பால்போல் வெளுத்திருந்தன. மேலே அப்படி இல்லை. கொழுப்பைக் கரைத்து உடம்பில் சேர்ப்பதற்குக் கணையச் சாறு வேண்டும் என்பது இவ்வாறு கண்ணெதிரே தெரிந்தது. இன்றைக்கும் கணைய நோயாளிக்கு மருத்துவர் "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள்" என்று சொல்கிறாரே, அந்தச் சொல்லுக்கு வேர் அந்த முயலின் குடலில் இருக்கிறது.

அழற்சியின் கதைக்கு வருவோம். 1889இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்னும் மருத்துவர், கடுமையான கணைய அழற்சியின் அறிகுறிகளை முதன்முறையாக ஒழுங்குபடுத்தி எழுதினார். மேல்வயிற்றில் திடீரென வலி, முதுகுக்குப் பாயும் வேதனை, ஓயாத வாந்தி, மயக்கம். 1896இல் கியாரி என்பவர் இதற்கொரு விளக்கம் தந்தார். உணவைக் கரைக்க வேண்டிய சாறு, குடலுக்குப் போகுமுன் கணையத்திற்குள்ளேயே விழித்துக்கொண்டு, தான் பிறந்த சதையையே கரைக்கத் தொடங்குகிறது என்றார். கேட்பதற்கே நடுக்கமாக இருக்கிறது, அன்றோ? 1901இல் ஓப்பி என்பவர், பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பொது வாயிலை அடைத்துக்கொள்வதாலும் இது நேரும் என்று காட்டினார். பித்தக்கல்லும் மதுவும்தான் இன்றும் இந்நோய்க்கு முதன்மையான இரு காரணங்கள். இரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மீறி ஏறுவதாலும், சில மருந்துகளாலும், பிறப்பிலேயே அமைந்த கூறுகளாலும் வருவதுண்டு.

இனிதான் உணவுப் பிரச்சினை தொடங்குகிறது. 1902இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், உணவு சிறுகுடலைத் தொட்டவுடன் ஒரு செய்திப்பொருள் இரத்தத்தில் கலந்து கணையத்தைச் சுரக்கச் செய்கிறது என்று கண்டுபிடித்தனர். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதிலிருந்து மருத்துவ உலகம் ஒரு முடிவுக்குத் தாவியது. உணவு உள்ளே போனால் கணையம் சுரக்கும். சுரந்தால் தன்னைத் தானே தின்னும். ஆகவே, உணவையே நிறுத்திவிடு! "கணையத்துக்கு ஓய்வு கொடு" என்பது தாரக மந்திரமாயிற்று. நோயாளியின் வாயைக் கட்டினார்கள். மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையிலுள்ள நீரையும் உறிஞ்சி எடுத்தார்கள். நாளங்கள் வழியே குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் இறங்கும். வலி முழுதும் நிற்கும் வரை, சில வேளை வாரக் கணக்கில், இந்தப் பட்டினி நீண்டது.

பட்டினியால் உடல் கரைவதைக் கண்ட மருத்துவர்கள் வேறு வழி தேடினர். 1968இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டட்ரிக் என்பவரும் அவருடைய குழுவினரும், முழு உணவையும் நீராக்கி இரத்த நாளத்தின் வழியே செலுத்தி ஆளைத் தேற்ற முடியும் என்று காட்டினர். கணைய நோயாளிக்கு இது வரப்பிரசாதம் என்றே எல்லோரும் எண்ணினர். வயிறும் ஓய்வெடுக்கும்; உடம்புக்கும் உணவு கிடைக்கும். முப்பது ஆண்டுகள் பெரிய மருத்துவமனைகளில் இதுவே முறையாக இருந்தது.

1990களில்தான் சிலர் துணிந்து ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒரு பிரிவினருக்கு நாளத்தின் வழி உணவு. மறு பிரிவினருக்கு மெல்லிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்கே உணவு. கிரேக்க நாட்டில் 1997இல் வெளியான ஆய்வில், குடல் வழி உண்டவர்களுக்கே கிருமித் தொற்றும் மற்றச் சிக்கல்களும் குறைந்திருந்தன. பின்னால் வந்த ஆய்வுகளும் இதையே சொல்லின. ஏன் அப்படி? குடலின் உள்தோல் ஒரு வேலி போன்றது. உணவு வந்துகொண்டிருந்தால் அந்த வேலி உறுதியாக நிற்கும். பட்டினி போட்டால் வேலி தளரும். குடலிலுள்ள கிருமிகள் கசிந்து வெளியேறி, வெந்து கிடக்கும் கணையத்தில் போய்த் தங்கும். நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் அந்தத் தொற்றுதான்.

பிறகு வேகமாக மாற்றங்கள் வந்தன. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, இலேசான அழற்சியிலிருந்து தேறுபவருக்கு வெறும் தெளிநீரில் தொடங்கத் தேவையில்லை, கொழுப்புக் குறைந்த திட உணவிலேயே தொடங்கலாம் என்றது. 2014இல் ஹாலந்து நாட்டில், கடுமையாகக்கூடும் என்று கருதப்பட்ட சுமார் 200 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்கு முதல் நாளிலேயே குழாய் வழி உணவு தந்தனர். மறு சாராரை மூன்று நாள் பொறுத்து, வாயால் உண்ண விட்டனர். முடியாதவர்களுக்கு மட்டும் குழாய். இரண்டுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. 2018இல் அமெரிக்கக் குடல் மருத்துவர் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளியால் உண்ண முடியுமானால் 24 மணி நேரத்திற்குள் வாய் வழி உணவைத் தொடங்கிவிடலாம் என்று கூறியது. "ஓய்வு கொடு" என்ற மந்திரம் இவ்வாறு கைவிடப்பட்டது. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது. வலி வந்தவுடன் வீட்டில் வைத்துச் சோறு ஊட்டுவதற்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது. அந்த வலிக்கு மருத்துவமனை ஒன்றே வழி.

இனி, வீடு திரும்பியவரின் தட்டைப் பார்ப்போம்.

கஞ்சி கெட்ட உணவன்று. முதல் சில நாள்களுக்கு அதைவிட இதமானது எதுவும் இல்லை. ஆனால் அதில் பருப்பு வேண்டும், பாசிப்பயறு வேண்டும், கரைத்த முட்டையோ, முள் நீக்கிய மீனோ வேண்டும். வற்றிய உடம்பை எழுப்புவது புரதச்சத்து. ஒரே வேளையில் வயிறு நிறைய உண்ணாமல், ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சிறுகச் சிறுக உண்பது நல்லது. தோலுரித்த கோழி, ஆவியில் வேகவைத்த மீன், இட்லி, இடியாப்பம், வெந்த காய்கள், வாழைப்பழம், பப்பாளி எல்லாம் ஆகும். பூரி, ரொட்டி சானாய், வறுத்த கோழி, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு, நெய்ச்சோறு ஆகியவற்றைத் தொடக்க வாரங்களில் தள்ளி வைக்க வேண்டும். தேறத் தேற, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வழக்கமான சமையலுக்குத் திரும்பலாம்.

நோய் நாள்பட்டதாக மாறி, கணையமே சுருங்கிப் போனவரின் நிலை வேறு. அவருக்கு மலம் எண்ணெய்ப் பசையோடு, வெளுத்து, நீரில் மிதந்து, கெட்ட நாற்றத்துடன் போகும். தின்றது ஒட்டவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். முன்பெல்லாம் இவர்களிடம் கொழுப்பை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள். ஆள் இன்னும் வற்றுவார். இப்போதைய முறை, கணையச் சாற்றுக்கு ஈடான நொதி மாத்திரைகளை உணவோடு சேர்த்துக் கொடுத்து, இயல்பான உணவை உண்ணச் செய்வது. அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு வெகு நேரம் கழித்து விழுங்கினால் பயனில்லை. இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. மரக்கறி உண்போரும் முஸ்லிம் அன்பர்களும் இதைக் கேள்விப்பட்டுச் சொல்லாமலே நிறுத்திவிடுவதுண்டு. நிறுத்துவதைவிட, மனத்தில் உள்ளதை மருத்துவரிடமும் தம் சமயப் பெரியவரிடமும் திறந்து பேசுவது மேல்.

மீண்டும் வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சளாதல், ஓயாத தாகம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் பத்தியத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பித்தக்கல்லால் நோய் வந்திருந்தால், பித்தப்பையை எடுக்கும் வரை எந்த உணவும் காவல் ஆகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கஞ்சியைப் பற்றிப் பேசும்போது, நம் நாட்டு வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. கொஞ்சம் விலகிப் போவதுபோல் தோன்றினாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் சுரங்கத் தொழிலாளரைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. காரணம் என்ன? 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தீட்டிய சியாம் பச்சரிசி. மறு பாதிக்குத் தமிழர் உண்ணும் புழுங்கல் அரிசி. ஓராண்டில், பச்சரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர் பக்கத்தில் அந்நோயால் ஒரு சாவும் இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் விளங்கியது.

இதற்கும் கணையத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நீண்ட நாள் குடித்தவரின் உடம்பில் முதலில் வற்றிப் போகும் சத்துகளில் தயமின் ஒன்று. குடியால் கணையம் வெந்து மருத்துவமனைக்கு வந்தவருக்கு இந்தச் சத்தை மருந்தாகவே கொடுக்கிறார்கள். கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படக் கூடும். அத்தகையவர் வீட்டுக்கு வந்ததும் கஞ்சி காய்ச்சுவதானால், தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை விடப் புழுங்கல் அரிசியே ஏற்றது. மருத்துவர் தந்த மாத்திரைக்கு அது ஈடாகாது, துணையாகும்.

மரவள்ளிக்கிழங்கின் மேல் விழுந்த பழியையும் பார்த்துவிடுவோம். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில், பர்மா அரிசியும் சியாம் அரிசியும் வருவது குன்றிப் போனபோது, தோட்ட மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்கு. போருக்குப் பின், 1950களில், இந்தோனேசியாவின் ஜாகர்த்தாவில் சூய்டெமா என்னும் மருத்துவர், சத்துணவில்லாத ஏழைகளின் கணையத்தில் கல் படிந்திருப்பதைக் கண்டு எழுதினார். அதன்பின் கேரளத்தில் கீவர்கீஸ் என்னும் மருத்துவர் இதே நோயைப் பெருமளவில் கண்டார். பிள்ளைப் பருவத்தில் வயிற்று வலி, இளமையில் இனிப்புநீர், வாழ வேண்டிய வயதில் மரணம். மது வாடையே அறியாத பிள்ளைகள்! இவர்களைப் பற்றி அவர் 1968இல் ஒரு நூலே எழுதினார். கேரளத்தின் ஏழைகளுக்கும் அன்று மரவள்ளியே சோறு. அந்தக் கிழங்கில் சயனைடு நஞ்சு சிறிதளவு உண்டு; புரதமில்லாத உடம்பில் அந்த நஞ்சு கணையத்தைக் கெடுக்கிறது என்று 1970களின் இறுதியில் ஒரு கருத்து எழுந்தது.

கருத்து பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஆப்பிரிக்காவில் மரவள்ளியையே நம்பி வாழும் பல பகுதிகளில் இந்நோய் அப்படிப் பெருகவில்லை. மரவள்ளி உண்ணாத இந்தியப் பகுதிகளில் இந்நோய் இருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின், கணையச் சாற்றை அடக்கி வைக்கும் ஒரு மரபணுவில் குறை இருப்பது இத்தகைய நோயாளிகள் பலரிடம் தெரிய வந்தது. கிழங்கின் மேலிருந்த பழி பெரும்பாலும் நீங்கிற்று. கிழங்கைத் தோலுரித்து, ஊற வைத்து, நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடும் நம் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். கூடவே நெத்திலியோ பருப்போ சேர்த்து உண்பதும் நல்ல வழக்கமே.

வைத்திய முறைகளைப் பற்றியும் நிறையக் கேட்கிறீர்கள். மஞ்சளும் மிளகும் கணையத்தை ஆற்றும் என்கிறார்கள். இதை உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள். 2005இல் கர்நாடகத்தின் மணிப்பாலில், மேலே சொன்ன கேரளத்து வகை நோய் உடைய 20 பேரை வைத்து, மஞ்சளின் சத்தையும் மிளகின் சத்தையும் சேர்த்து ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்தில் ஓர் அளவு மேம்பட்டது, வலி குறையவில்லை. ஆகவே குழம்பில் மஞ்சளும் மிளகும் இருக்கட்டும். அவற்றை மருந்தென்று நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். 2009இல் டில்லியில் உயிர்ச்சத்துகளையும் செலினியம் முதலிய பொருள்களையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் நாள்பட்ட வலி குறைந்தது. 2012இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அதே போன்ற மருந்தைக் கொடுத்தபோது பலனே இல்லை. டில்லி நோயாளிகளில் பலர் இளைஞர், மெலிந்தவர். மான்செஸ்டரில் இருந்தவர்களில் பலர் மூத்தவர், குடியும் புகையும் பழகியவர். சத்துக் குறைந்தவருக்குச் சத்து உதவியது என்று கொள்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

கீழாநெல்லியைக் கணையத்துக்கும் அரைத்துக் கொடுப்போர் உண்டு. அது ஈரலுக்கென்று நம் முன்னோர் வைத்தது. கண் மஞ்சளானது பித்தக்கல் அடைத்ததால் என்றால், எந்தப் பச்சிலையும் அந்தக் கல்லை நகர்த்தாது. அரைத்துக்கொண்டிருக்கும் நாள்களில் அழற்சி முற்றிவிடும். வெந்தயம், பாகற்காய் போன்றவற்றை மருந்தாகவே அள்ளி உண்பவர், இனிப்புநீர் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக் கூடும். மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

"இயற்கையானதுதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. தயிரில் வாழும் நல்ல கிருமிகள் கெட்ட கிருமிகளை விரட்டும் என்ற நம்பிக்கையில், ஹாலந்து நாட்டின் மருத்துவர்கள், கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு அவ்வகைக் கிருமிகளைக் குழாய் உணவோடு சேர்த்துக் கொடுத்தனர். முடிவு 2008இல் வெளியாயிற்று. அந்தக் கிருமிகளைப் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தனர். பெறாத 144 பேரில் இறந்தவர் 9 பேர். மருத்துவர்களே திகைத்துப் போயினர். இதனால் தேறியவர் வீட்டில் மோர் குடிக்கக் கூடாது என்று பொருளில்லை; தண்ணீர் விட்டுக் கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் அவருக்கு ஏற்றதே. உடல் தீயாய் எரியும் நேரத்தில் எளிய பொருளும் எமனாகலாம் என்பதை அந்த 24 உயிர்கள் காட்டின.

கடைசியாக, கள்ளும் சம்சுவும். 1878இலேயே ஜெர்மனியின் ஃப்ரீட்ரைக் என்னும் மருத்துவர் "குடிகாரனின் கணையம்" என்று ஒரு நோய்நிலைக்குப் பெயரிட்டுவிட்டார். குடிப்பவர் எல்லோருக்கும் இது வருவதில்லை. சிறு பகுதியினருக்கே வருகிறது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி குடித்தால் மறுபடி வருவதற்கு வாய்ப்பு மிகுதி. புகையும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பு.

நம் தோட்டங்களின் வரலாற்றில் கள்ளுக்கடைக்குத் தனி அதிகாரம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கோயிலுக்குப் போகும் வழியிலும் அது தென்படும். சம்பள நாளில் அங்கேதான் கூட்டம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், பிள்ளைகளின் கல்வியோடும், மருத்துவ வசதியோடும், துரை எதிரே சைக்கிளில் போகும் உரிமையோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை இறங்கியது, உயிர்களும் போயின. 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். பீடோங்கில் போலீசாரோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். அவர்கள் யாரும் கணையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சம்பளப் பணம் லயத்துக்கு வந்து சேர வேண்டும், வீட்டில் அடி உதை நிற்க வேண்டும் என்பதே அவர்களுடைய கவலை. மருத்துவர் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்ன முதல் மருந்தை அவர்கள் முன்னதாகவே கேட்டிருக்கிறார்கள்.

குடியை விடு என்று ஒருமுறை சொன்னால் போதுமா? இதையும் சோதித்திருக்கிறார்கள். பின்லாந்து நாட்டின் தம்பரே நகரில், குடியால் முதன்முறை கணைய அழற்சி கண்ட சுமார் 120 பேரை இரண்டாகப் பிரித்தனர். எல்லோருக்கும் மருத்துவமனையில் இருக்கும்போதே ஒரு தாதி உட்கார்ந்து எடுத்துச் சொன்னார். ஒரு பிரிவினரை அத்தோடு விட்டுவிட்டனர். மறு பிரிவினரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அழைத்து, அதே பேச்சை மறுபடியும் பேசினர். இரண்டாண்டுக்குப் பின் 2009இல் வெளியான கணக்கில், ஒருமுறை மட்டும் கேட்டவர்களில் 13 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மீண்டும் மீண்டும் கேட்டவர்களில் 5 பேருக்கே திரும்பியிருந்தது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, வைதலும் இல்லை. ஆறு மாதத்துக்கொருமுறை அமர்ந்து பேசிய பேச்சு மட்டுமே.

நம் ஊர்களில் உள்ள அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் இப்படிப் பேசக் கேட்டுக்கொள்ளலாம். மறு பரிசோதனைக்குப் போகும் நாளில் மனைவியோ மூத்த பிள்ளையோ உடன் செல்லுங்கள். என்ன உண்கிறார், எடை எவ்வளவு, மலம் எப்படிப் போகிறது, வீட்டில் என்னென்ன பச்சிலை கொடுக்கிறீர்கள், குடி நின்றதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவரின் பத்து நிமிடம் வீணாகாது.